சம்பந்தி அளந்த முதுகு

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் சட்டையில்லாமல் கூடத்துக்கு வருவதில்லை. என் தகப்பனார் வந்ததில்லை, நான் வந்ததில்லை, என் மகனும் வந்ததில்லை. எவ்வளவு புழுக்கமானாலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டுதான் உட்காருவோம். அப்படிப்பட்ட நான் ஒரு பட்டப்பகலில், ஜன்னல் திறந்திருக்க, கூடத்தின் நடுவே வெற்று முதுகோடு நிற்க நேர்ந்தது எப்படி என்பதை நானே எழுதிவிடுவது நல்லது. சம்பந்தி வீட்டார் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் நட்ட எல்லைக் கல்லை எந்தக் கோர்ட்டும் பிடுங்கச் சொன்னதில்லை. சம்பந்தி பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். என்னைப் போலவே மனைவியை இழந்தவர்; இப்போது தன் அக்காவின் வீட்டோடு இருக்கிறார். மகளைப் பார்த்துவிட்டு இரண்டொரு நாளில் திரும்பிவிடுவதாகச் சொல்லி, ஒரு கைப்பையோடு வந்தார். வந்த மறுநாள் கொரோனாவுக்காக ஊரை அடைத்துவிட்டார்கள். கப்பலில் எஞ்சினியராக இருக்கும் என் மகனோ, எந்தத் துறைமுகத்திலும் ஆளை இறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று நடுக்கடலிலிருந்து செய்தி அனுப்பினான். ஆக, மாடி வீட்டின் மூன்று அறைகளில் நான், என் மருமகள், அவளுடைய அப்பா.

எனக்கு சோரியாசிஸ் உண்டு. முழங்கைகளிலும் முதுகிலும் தோல் சிவந்து, வெள்ளைச் செதிலாக உரியும். யாருக்கும் ஒட்டாது. வாரம் ஒரு முறை மாத்திரை, தினமும் களிம்பு. முழங்கைக்கு நானே பூசிக்கொள்வேன். முதுகுக்கு, மகன் ஊரில் இருந்தால் மகன் பூசுவான். அவன் கப்பலேறிவிட்டால் தெருமுனை கிளினிக்கின் கம்பவுண்டர் பூசுவார். அதற்கு வீட்டில் நான் வைத்திருந்த பெயர் காலை நடை.

மருமகளுக்கும் சம்பந்திக்கும் இது தெரியாது. தெரியக்கூடாது என்பது என் முடிவு. பெண் பார்த்துப் பேசிய அன்று சம்பந்தி என்னிடம், உங்கள் குடும்பத்தில் வியாதி ஏதாவது உண்டா என்று நேருக்கு நேர் கேட்டார். நான் எழுந்து நின்று, தலைவலிகூடக் கிடையாது என்றேன். அன்றைக்கு அது சத்தியம். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் முதுகில் முதல் திட்டு வந்தது. ஆனால் சொன்ன சொல்லை வியாதி வந்து பொய்யாக்குவதை நான் எப்படி அனுமதிப்பது? அதனால் மறைத்தேன். எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது.

ஊரை அடைத்ததும் காலை நடை நின்றது. காலை நடை நின்றதும் களிம்பு நின்றது. போதாததற்கு, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தத் தொற்றுக் காலத்தில் ஜாக்கிரதை என்று டிவியில் ஒருவர் சொன்னார். ஜாக்கிரதையாக இருப்பது என் சுபாவம்; மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டேன். சம்பந்தி தன் பங்குக்கு வாசலில் சானிடைசர் பாட்டிலோடு காவல் நின்றார். பால் வாங்கக் கதவைத் திறந்தாலே கை நீட்டச் சொல்லி, இரு பக்கமும் பீய்ச்சி, காயும்வரை விடமாட்டார். கிருமி சாகட்டும் என்று நான் கொதிக்கக் கொதிக்கக் குளித்தேன். விளைவு என்னவென்றால், என் விரல் மூட்டுகள் வெடித்தன. முதுகு பற்றி எரிந்தது. நாற்காலியில் சாய முடியாமல் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இந்த வயதிலும் என்ன கம்பீரம் என்று சம்பந்தி மகளிடம் மெச்சிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, என் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். எடுத்ததும், அங்கே மழை பெய்கிறதா என்று கேட்டார். குழாயைச் சற்று மூடிவிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"டிவியில பேசுனவர் உங்க டாக்டரா, நான் உங்க டாக்டரா?" என்றார்.

பிறகு ஒரு பாட்டம் திட்டு வாங்கினேன். மாத்திரையை நானாக நிறுத்தவும் கூடாது, நானாக ஆரம்பிக்கவும் கூடாது. காய்ச்சலோ இருமலோ வந்தால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும், நிறுத்துவதா வேண்டாமா என்று அவர் சொல்வார். வீட்டுக்குள்ளேயே இருப்பவனுக்கு சோப்பும் தண்ணீரும் போதும், சானிடைசர் எதற்கு? கை கழுவினால் ஈரம் காய்வதற்குள் கிரீம் தடவ வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரமாகக் குளித்து வெளியே வந்துவிட வேண்டும். மருந்து தீரும்வரை காத்திராமல் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றேன். கடைசியில், பகல் வெளிச்சத்தில் முதுகைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அதற்கு மட்டும் முடியாது என்றேன்.

போட்டோ என்பது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பறக்கிற வஸ்து. எங்கள் குடும்பத்தில் போட்டோ எடுத்தால் கோட்டு போட்டு எடுப்போம். தவிர, என் முதுகை நானே எப்படி எடுப்பது? எடுக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் யாராக இருந்தாலும் கதை முடிந்தது. அதனால் வரைபடம் அனுப்புகிறேன் என்றேன். சரி, எதையாவது அனுப்புங்கள், பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கையில் சவரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, அளவு டேப்பின் ஒரு முனையைப் பிளாஸ்திரியால் தோளில் ஒட்டி, ஒரு காலைப் பொழுது முழுவதும் உழைத்தேன். கழுத்தை வடக்காக வைத்துக்கொண்டேன். அளவுகோல் குறித்தேன். ஒவ்வொரு திட்டுக்கும் எண் கொடுத்தேன். முடித்துப் பார்த்தபோது, தெரியாதவன் கண்ணுக்கு ஏரிகள் நிறைந்த ஒரு நல்ல பிரதேசம். படத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: தவறுதலாக ஏதோ நிலத்தின் படத்தை அனுப்பிவிட்டீர்கள். எனக்குப் பரம திருப்தி.

அந்தத் திருப்தி சாயங்காலம் வரை கூட நிற்கவில்லை. விளக்கிச் சொன்னதும் டாக்டரம்மா தன் முறையில் கணக்குப் போட்டார். தோல் டாக்டர்களுக்கு அளவு, நோயாளியின் கைதானாம். விரல்களோடு சேர்ந்த உள்ளங்கை என்பது அவனவன் உடம்புத் தோலில் நூற்றில் ஒரு பங்கு. ஆளுக்கு ஆள் மாறுகிற ஒரு அளவை வைத்து எப்படித் தொழில் நடத்துகிறார்கள் என்று வியந்தேன். என் படத்தின்படி, போன முறை அவர் நேரில் பார்த்ததைவிட முதுகில் மட்டும் மூன்று மடங்கு பரவியிருந்தது.

"சார், எங்க ஆஸ்பத்திரி மேல் மாடி முழுக்க காய்ச்சல் கேஸ். இந்த வயசுல உங்கள இங்க வரச் சொல்ல எனக்கே மனசில்ல. ஆனா படம் சரின்னா, நாளைக்கே வந்து அட்மிட் ஆகணும்."

படம் சரியென்றால். அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வராத காலம் அது. எதிர் வீட்டுக்காரர் அப்படிப் போனவர்தான். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் படம் தவறாக இருந்தால்? ஒரு தவறான படத்துக்காகவா ஒரு சர்வேயர் சாவது? அன்று காலை நான் செய்தது எந்த அலுவலகமும் ஏற்காத வேலை என்பது எனக்குத் தெரியும். ஒற்றை ஆள் அளந்தது அளவே இல்லை. மறு முனையைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் நான் எந்த நிலத்திலும் இறங்கியதில்லை. இப்போது ஆள் வேண்டும். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். மருமகளிடம் கேட்க முடியாது. மிச்சம் ஒருவர்தான்.

மறுநாள் காலை சம்பந்தி கூடத்தில் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, டேப்போட ஒரு முனையப் பிடிக்கணும்."

"ஊரே அடைச்சுக் கிடக்கு. எந்த இடத்த அளக்கப் போறீங்க?" என்றார் ஓட்டத்தை நிறுத்தாமல்.

வீட்டுக்குள்தான் என்றேன். அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வெளியே போகக்கூடாது என்றேன். அவர் தன் மார்பில் கை வைத்தார். வெளிச்சம் அந்த ஜன்னலருகேதான் சரியாக இருந்தது. அங்கே போய், தெருவைப் பார்த்து நின்று, பொத்தான்களைக் கழற்றி, சட்டையை மடித்து நாற்காலியில் வைத்தேன். எத்தனையோ தகராறு நிலங்களில், இரு தரப்பும் அரிவாளோடு நிற்க, நடுவில் நின்றவன் நான். அப்போதெல்லாம் வராத வேர்வை அன்று வந்தது.

"கல்யாணம் பேசினப்ப இது இல்ல. தேதி சொல்லட்டுமா?" என்றேன், திரும்பாமலே.

"தேதி கிடக்கட்டும் சம்பந்தி. எல்லை எதுன்னு சொல்லுங்க. நடுவுல வெள்ளையா செதில் இருக்கே, அதுவா? சுத்தி செவந்திருக்கே, அதையும் சேத்தா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மனிதர் டேப்பை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஏமாற்றிவிட்டீர்களே என்ற பேச்சு இல்லை, அருவருப்பும் இல்லை. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த ரகசியத்துக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கலாம்.

செதில்தான் எல்லை என்றேன். சிவப்பும் சேர்த்திதான் என்றார் அவர். முப்பது வருஷம் வாலிபால் நடுவராக இருந்தவராம். பந்து கோட்டைத் தொட்டால் உள்ளே என்பதுதான் சட்டமாம். இது பந்து இல்லை, என் முதுகு என்றேன். முதுகாக இருந்தாலும் கோடு கோடுதான் என்றார். டாக்டரம்மாவின் கைக் கணக்கைச் சொன்னதும், தன் கையை விரித்து என் தோள்பட்டையில் பதித்து எண்ண ஆரம்பித்தார். அவர் கை பந்து அடித்துப் பரந்த கை.

"என் முதுகுக்கு உங்க கை எப்படி அளவாகும்?"

"உங்க கை உங்க முதுகுக்கு எட்டாதே. என்ன பண்ணச் சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. சோப்பு வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் மேல் என் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரித்துக் கொடுத்தேன். அந்த அட்டைக் கையை அவர் என் முதுகில் இடம் மாற்றி மாற்றி வைத்து எண்ணினார். என் கை என் முதுகைத் தட்டிக்கொடுப்பது போல அது ஒரு விசித்திரமான உணர்ச்சி. ஆனால் வலது தோளுக்குக் கீழே வந்ததும் சண்டை மறுபடி மூண்டது. அங்கே பழுப்பாக ஓரிடம். அதையும் எண்ணினார். அது எப்போதோ ஆறிப்போன இடத்தின் கறை, கணக்கில் வராது என்றேன். கண்ணுக்குத் தெரிந்தால் கணக்கில் வரும் என்றார். உள்ளே என்றார். வெளியே என்றேன். சத்தம் ஏறியது.

கதவு திறந்தது. காதில் மைக்கோடு மருமகள் வந்து நின்றாள். அவள் தன் அறையிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டிங்ல இருக்கிற எல்லாருக்கும் கேக்குது. உள்ள, வெளியன்னு ரெண்டு பேரும் என்ன விளையாடுறீங்க?"

நான் சட்டையை எட்டிப் பிடிக்கப் போனேன். டேப்பின் ஒரு முனை என் தோளில் பிளாஸ்திரியோடு ஒட்டியிருக்க, மறு முனை சம்பந்தியின் கையில் இருந்ததால் பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். அவள் பார்த்துவிட்டாள். பார்த்தது ஒரு கணம்தான்.

"சோரியாசிஸா மாமா? எங்க மேனேஜருக்கும் இருக்கு. யார் டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

அவளே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். என் தரப்பை நான் சொன்னேன், அவர் தரப்பை அவர் சொன்னார். அந்தப் பக்கம் டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் யாரோ தண்ணீர் கொடுத்த சத்தம் கேட்டது. பிறகு தீர்ப்புச் சொன்னார். தடித்துச் சிவந்த இடம் எல்லாம் சேர்த்தி. அதில் சம்பந்தி சொன்னது சரி. தட்டையாகப் பழுப்பேறிக் கிடப்பது ஆறிய இடம், அதைச் சேர்க்கக்கூடாது. அதில் நான் சொன்னது சரி. புதுக் கணக்கைக் கேட்டவர், இது உங்கள் படத்தில் ஏறக்குறைய பாதிதானே என்றார். மூவருமாகப் படத்தை எடுத்து முதுகோடு ஒப்பிட்டோம். பீரோக் கண்ணாடியில் தெரிந்த திட்டுகளை இடது பக்கமும், அதே திட்டுகள் சவரக் கண்ணாடியில் தெரிந்தபோது வலது பக்கமும் வரைந்திருந்தேன். அவ்வளவு ஏரிகளும் இரட்டை. இது கருவியின் பிழை என்பதை அங்கேயே பதிவு செய்தேன்.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். லேப்காரர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார், முடிவு பார்த்து மாத்திரையை ஆரம்பிக்கலாம், ஆனால் முதுகுக் களிம்பை இனி ஒரு நாளும் விடக்கூடாது, யார் பூசுவது என்று டாக்டரம்மா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி விறைப்பாக நின்று, "நான் இருக்கேன்," என்றார். அப்படியே பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுத்து அனுப்பச் சொன்னார் டாக்டரம்மா. தலை தெரியக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் சம்மதித்தேன்.

அன்றிலிருந்து மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் களிம்பு. தேய்க்கக்கூடாது, மெல்லத் தடவ வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சம்பந்தி, ஒன், டூ என்று எண்ணியபடிதான் தடவுவார். ஆனால் கை பஞ்சு போல இருக்கும். வாசல் சானிடைசருக்குப் பதில் சோப்பும், அதன் பக்கத்தில் கிரீமும் வந்தன. கை கழுவிவிட்டுக் கிரீம் தடவாமல் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. ரத்தப் பரிசோதனை நன்றாக வந்து மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று. நாற்காலியில் சாய்ந்து உட்கார ஆரம்பித்தேன். இது இந்த நான்கு சுவருக்குள் இருக்கட்டும் என்று நான் மறுபடி சொன்னபோது, அவர் மறுபடி மார்பில் கை வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் அவர் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அவருடைய அக்கா, அக்காவின் மகன்கள், மருமகள்கள் என்று மொத்தக் குடும்பமும். நான் என் அறையில் இருந்தேன். முதலில் காய்கறி விலை, பிறகு யாருக்குக் காய்ச்சல் என்ற பேச்சு. அப்புறம் அவர் குரல் சற்று நிமிர்ந்தது.

"பெரிய சர்வேயர்ங்கிறாங்க. தன் முதுகுல எல்லை எதுன்னு தெரியல. நான் காட்டினேன். டாக்டரே சொல்லிட்டாங்க, மாஸ்டர் சொன்னதுதான் சரின்னு."

எந்த எல்லை, என்ன முதுகு என்று அக்கா கேட்டார். ரகசியத்தை உடைத்துவிட்டோம் என்பதே அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. வியாதியின் பெயர், திட்டுகளின் எண்ணிக்கை, வாலிபால் சட்டம் எல்லாம் வரிசையாக வந்தன. பழுப்பு இடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அறையிலேயே இருந்துவிட்டால், பிற்பாடு யார் கேட்டாலும் அப்படியொன்றும் இல்லை, சம்பந்தி வேடிக்கையாகப் பேசுகிறவர் என்று சொல்லிவிடலாம். வியாதியற்ற குடும்பம் என்ற பேச்சு நிற்கும். ஆனால் தவறாக அளந்த சர்வேயர் என்ற பேச்சும் கூடவே நிற்கும். எதைக் காப்பாற்றுவது?

சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டேன். வரைபடத்தை எடுத்துக்கொண்டேன். கூடத்துக்குப் போய், சம்பந்தியின் கையிலிருந்து போனை வாங்கினேன்.

எல்லோருக்கும் வணக்கம் சொன்னேன். எனக்கு சோரியாசிஸ் இருப்பது உண்மை என்றேன். இது ஒட்டாது, தொட்டாலும் வராது, ஒரே துண்டில் துடைத்தாலும் வராது என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். கல்யாணம் பேசிய நாளில் இது இல்லை என்பதையும், வந்த தேதியையும் சொன்னேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன். கண்ணாடியால் வந்த கருவிப் பிழை வேறு, அளப்பவனின் தீர்ப்பு வேறு என்பதை முதலில் விளக்கினேன். சிவந்த விளிம்பில் சம்பந்தி சொன்னதை டாக்டர் ஏற்றது உண்மைதான். ஆனால் ஆறிய இடத்தை நிலத்தில் சேர்த்து அவர் போட்ட கணக்கை டாக்டர் தள்ளுபடி செய்ததை அவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சம்பந்தியின் அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனுக்கு அருகே வந்தார்.

"ஏண்டா, ஆறின எடத்த எதுக்குடா சேத்த?"

"அக்கா, அது கண்ணுக்குத் தெரிஞ்சுது."

"கண்ணுக்குத் தெரியறதெல்லாம் வியாதியா? சர்வேயர் சொல்றதுதான் சரி. நீ சின்ன வயசுலயும் இப்படித்தான், ஜெயிச்ச பாதிய மட்டும் வந்து சொல்லுவ."

அவருடைய மருமகள்களில் ஒருத்தி, தன் அண்ணனுக்கும் காலில் இப்படி இருப்பதாகவும், அவனும் பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் சொல்லி, என் டாக்டரம்மாவின் எண்ணைக் கேட்டாள். கொடுத்தேன். டாக்டரைக் கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். அளக்கும்போது மறு முனை பிடிக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஆளைக் கவனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படியும் சொன்னேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது சம்பந்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓடப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் களிம்பு பூசும்போது ஒன், டூ எதுவும் இல்லை. கை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. பழுப்பு இடம் வந்ததும் அதை மட்டும் சுற்றிக்கொண்டு போனார். அதைக் கவனித்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை. தோற்றவரிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்வது எங்கள் குடும்ப வழக்கம்.